பத்து நிமிடச் சந்திப்பில் பிறந்த இன்சுலின்

ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் எல்லாரும் தொழில் தொடங்கிவிடுகிறார்களா, நேயர்களே? இல்லை. கைபிடித்து அழைத்துப் போக வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஹெர்பர்ட் போயர் இதற்கு நல்ல சான்று.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வாளராக இருந்தார். 1972-இல் ஹவாய் மாநாடு ஒன்றில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கோஹெனைச் சந்தித்தார். இரவில் உணவுக்கடையில் தொடங்கிய பேச்சு, மறு ஆண்டே மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பமாக வளர்ந்தது. ஆனால், நிறுவனம் பிறக்கவில்லை.

1976 ஜனவரியில் ராபர்ட் சுவான்சன் என்ற 28 வயது இளைஞர் போயரைத் தொலைபேசியில் அழைத்தார். முதலீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். போயர் ஒதுக்கியதோ பத்தே நிமிடம். பேச்சு மூன்று மணி நேரம் நீண்டது! ஆளுக்கு 500 டாலர் போட்டனர். ஏப்ரலில் ஜெனன்டெக் நிறுவனம் உருவானது. சுவான்சனின் பழைய முதலாளிகளே 100,000 டாலர் முதலீடு செய்தனர். போயருக்கு அறிமுகமான சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வாளர்கள் மரபணுவைச் செயற்கையாகத் தயாரித்துத் தந்தனர்.

பழகிய வட்டம் எப்போதும் கைகொடுத்தது என்று சொல்ல முடியாது. பேராசிரியர் வியாபாரியாகலாமா என்று உடன் பணியாற்றியவர்களே போயரைச் சாடினர். அதைத் தாங்குவது எளிதல்ல.

1978-இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் தயாரானது. 1982-இல் அமெரிக்க அரசு அதன் விற்பனைக்கு அனுமதியளித்தது. அதுவரை இனிப்புநீர் நோயாளிகள் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினையே நம்பியிருந்தனர்.