கார் இல்லாமல் ஸ்காபரோவில்

ஸ்காபரோவில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை அறை, வாடகை எவ்வளவு, பேஸ்மென்டுக்குத் தனி வாசல் உண்டா என்பதைத்தான். கார் இல்லாதவர் அதற்கும் முன்னே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பக்கத்துப் பெருவீதியில் எந்த பஸ் ஓடுகிறது, ஞாயிறு இரவில் அது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது?

ரொறன்ரோவின் கிழக்கில் உள்ள இந்தப் பகுதியின் பெரும்பங்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார் உள்ளவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. லோறன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச், ஸ்ரீல்ஸ் ஆகிய பெருவீதிகள் ஏறக்குறைய 2 கிலோமீற்றருக்கு ஒன்றாகக் கிழக்கு மேற்காக நேரே போகின்றன. பஸ்கள் பெரும்பாலும் இத்தகைய பெருவீதிகளில்தான் ஓடும். இடையிலுள்ள குடியிருப்பு வீதிகள் வளைந்து வளைந்து போய் முட்டுச் சந்தில் முடியும். வரைபடத்தில் பஸ் தரிப்பிடம் பின்வேலிக்கு அப்பால் தெரியும். சுற்றி நடந்தால் கால் மணித்தியாலம் ஆகும். சில இடங்களில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய நடைபாதை ஒன்று பெருவீதிக்குப் போகும். அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள். ஜனவரிப் பனியில் அதன் அருமை தெரியும்.

வீதிகள் நேராக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. கிழக்கு மேற்காக ஒரு பஸ், வடக்கு தெற்காக இன்னொரு பஸ் என இரண்டு பிடித்தால் ஸ்காபரோவின் பெரும்பாலான இடங்களுக்குப் போய்விடலாம். லோறன்ஸ் ஈஸ்ற்றில் 54, ஷெப்பர்ட் ஈஸ்ற்றில் 85, மார்க்கம் வீதியில் 102. எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்தையும் பாருங்கள். எழுத்து மாறினால் பஸ் போய் முடியும் இடமும் மாறும். 900இல் தொடங்குபவை எக்ஸ்பிரஸ், எல்லாத் தரிப்பிடத்திலும் நில்லா. 300இல் தொடங்குபவை நள்ளிரவுக்குப் பிறகு ஓடுபவை.

பிரெஸ்டோ என்ற கட்டண அட்டையில் பெரியவர்களுக்கு ஒரு பயணம் 3.30 டொலர். 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அட்டையைத் தட்டியதிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை முறையும் ஏறி இறங்கலாம், வந்த வழியே திரும்பவும் செய்யலாம். ஆகவே சாமான் வாங்கப் போகும்போது நேரத்தைப் பார்த்துக்கொண்டால் போக, வர ஒரே கட்டணம்தான். காசு போட்டு ஏறினால் இந்தச் சலுகை கிடைக்காது. முன்பு ஸ்ரீல்ஸைத் தாண்டி மார்க்கம் நகருக்குப் போனால் இரட்டைக் கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 பெப்ரவரி முதல், அதே அட்டையைத் தட்டினால் அயல் பிராந்தியங்களான யோர்க், டரம் பஸ்களுக்கு மாறும்போது இரண்டாம் கட்டணம் இல்லை. அந்தப் பக்கம் உறவினரும் வேலையும் உள்ள நம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

நகரின் மையத்துக்குப் போவதுதான் சிரமம். 1985இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ ஆர்டி ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டபின் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக பஸ்கள் ஓடுகின்றன. ஷெப்பர்ட் – மக்கோவன் சந்திவரை 7.8 கிலோமீற்றர் சப்வே கட்டப்படுகிறது. அதை நம்பி இப்போதே அங்கே வீடு எடுப்பது அவசரம் என்பேன். கில்ட்வுட், அஜின்கோர்ட் போன்ற கோ (GO) புறநகர் ரயில் நிலையங்களுக்கு அருகே இருந்தால் நகர மையத்திலுள்ள யூனியன் நிலையத்துக்கு ரயிலிலேயே போய்விடலாம். ஆனால் ரயில் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

பலருக்குத் தெரியாத வசதி ஒன்று: இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணிவரை பஸ்ஸிலிருந்து இரண்டு தரிப்பிடங்களுக்கு நடுவிலும் இறங்கலாம். ஒரு தரிப்பிடம் முன்னதாகவே சாரதியிடம் சொல்லி, முன்கதவால் இறங்க வேண்டும். 1991இல் பெண்களுக்காகத் தொடங்கியது, இப்போது எல்லோருக்கும் உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

பஸ்ஸால் ஆகாததும் உண்டு. பிக்கரிங், வோன் பக்கத் தொழிற்சாலைகளில் விடியப்புறம் தொடங்கும் ஷிஃப்ட் அப்படித்தான். அந்த வேலைக்கு ஓம் சொல்லுமுன், ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் பஸ் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால், காரில் வரும் சக தொழிலாளி யாராவது பெற்றோல் செலவில் பங்கு வாங்கிக்கொண்டு கூட்டிப்போவாரா என்று முதல் நாளே விசாரியுங்கள்.