நரம்பின் மேல் ஒரு சர்க்கரை முத்திரை

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு டிப்ளமா. வைத்தியம் படித்தவன் அல்ல. ஆனாலும் இந்தக் கட்டுரையை எழுத ஒரு காரணம் உண்டு. 2025 ஜனவரியில் நம் புனேயில், சிங்கட் ரோட்டை ஒட்டிய பகுதிகளில், கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் ஒரே சமயத்தில் பலருக்கு வந்தது. மொத்தம் 200 பேருக்கு மேல். அப்போது அன்பர்கள் பலர் எனக்குப் போன் செய்தார்கள். அந்த நோய் 2016-லேயே என் வீட்டுக்கு வந்துபோனது அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஆண்டு மழை தொடங்கிய சமயம். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள் என் மனைவிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மூன்று நாளில் நின்றுவிட்டது. நாங்களும் அதை மறந்துவிட்டோம். பத்து நாள் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாள். அடுத்த நாள் நடக்கும்போது செருப்பு காலில் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த கிளினிக்கில் காட்டினோம். வைட்டமின் குறைவு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அதில் இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அவளால் மணையிலிருந்து எழ முடியவில்லை. குரல் மூக்கால் பேசுவது போல் ஆகிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவே இல்லை. "கடந்த இரண்டு மூன்று வாரத்தில் பேதியோ காய்ச்சலோ வந்ததா?" என்று கேட்டார். அதன்பின் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். என் மனைவி பன்னிரண்டில் நின்றுவிட்டாள். அன்றிரவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கால் நோய்க்கு மூச்சை ஏன் சோதிக்கிறார் என்று அந்த நேரத்தில் எனக்கு விளங்கவில்லை.

பிற்பாடு அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். நரம்பின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளை உடம்பின் பாதுகாப்புப் படையே தவறுதலாகத் தாக்குகிறது என்றார். இதை நான் ஊருக்குப் போனில் சொன்னேன். திருநெல்வேலியிலிருந்து வந்திறங்கிய என் அக்கா முதல் காரியமாகச் சீனி டப்பாவை எடுத்து மறைத்துவிட்டாள். "டாக்டரே நரம்புல சீனின்னுட்டாருல்லா தம்பி, இனி இவளுக்குக் கருப்பட்டிகூடக் கிடையாது" என்றாள். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அன்று அவ்வளவுதான் புரிந்திருந்தது.

இது காபியில் போடும் சர்க்கரை அல்ல. நீரிழிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் உடம்பின் உயிரணுக்களின் மேற்புறத்தில் பலவகைச் சர்க்கரைகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்து நிற்கின்றன. அவை ஓர் அடையாள முத்திரை. இரத்த வகை எல்லோரும் அறிந்த உதாரணம். ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேறுபாடு சிவப்பணு மேலுள்ள சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான். அந்த ஒன்று மாறிய இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. நியேலின் பந்து டோக்கனைக் கையாண்ட ரயில்வே அன்பர்களுக்கு இது எளிதில் புரியும். பக்கத்து செக்‌ஷனின் டோக்கன் இந்தக் கருவிக்குள் நுழையாது. வடிவம் அவ்வளவு கண்டிப்பு.

மூளையிலும் நரம்புகளிலும் இத்தகைய சங்கிலிகள் மிக அதிகம். கொழுப்பில் வேரூன்றி வெளியே தலைநீட்டும் இவற்றுக்கு கேங்லியோசைடு என்று பெயர். ஜெர்மானிய விஞ்ஞானி எர்னஸ்ட் கிளெங்க் 1942-இல் இட்ட பெயர் அது. அவற்றில் ஒன்று ஜி.எம்.1. வரிசையாக நான்கு சர்க்கரைகள், பக்கவாட்டில் சியாலிக் அமிலம் என்ற ஐந்தாவது, அவ்வளவுதான் அதன் அமைப்பு.

இனி வயிற்றுப்போக்குக்கு வருவோம். காம்பைலோபாக்டர் என்ற கிருமி கோழிகளின் குடலில் சாதாரணமாக வாழ்வது. சரியாக வேகாத கோழிக்கறி, அசுத்தமான தண்ணீர், காய்ச்சாத பால் வழியாக நமக்கு வரும். இக்கிருமியின் சில ரகங்கள் தம் மேலுறையில் ஜி.எம்.1-ஐ அப்படியே ஒத்த சர்க்கரைச் சங்கிலியை அணிந்திருக்கின்றன. ரயில்வே யூனிபாரம் போட்டு யார்டுக்குள் நுழைந்த திருடனைப் போல! காவல்படை திருடனைப் பிடித்துவிடுகிறது; வயிறும் சரியாகிறது. ஆனால் காக்கி உடையையே குறியாகக் கொண்ட காவலர்கள் அதன்பிறகு எங்கள் சிக்னல் ஆட்களையும் அடிக்கத் தொடங்குகிறார்கள். அந்தக் காவலர்களைத்தான் எதிர்ப்பொருள் என்கிறார்கள். ஜப்பானிய டாக்டர் நொபுஹிரோ யூகி 1990-களின் தொடக்கத்தில் இந்த ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். கிருமியின் அந்தச் சர்க்கரைப் பகுதியை முயல்களுக்குச் செலுத்தினால் அவற்றுக்கும் கால் விழுந்துவிடுகிறது என்பதை 2004-இல் அவர் குழு நிரூபித்தது. இக்கிருமி தாக்கிய ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே நரம்பு நோய் வருகிறது. ஆகவே பேதி என்றவுடன் பதற வேண்டாம்.

அடி எங்கே விழுகிறது என்பதுதான் என்னை அசர வைத்தது. நரம்பு என்பது உறை போட்ட கேபிள். உறையில் சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் இடைவெளி உண்டு. மின்துடிப்பு ஒவ்வோர் இடைவெளியிலும் புதுப்பிக்கப்பட்டு, நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நீண்ட தொலைபேசித் தடத்தில் நாங்கள் வைக்கும் ரிப்பீட்டர்கள் மாதிரி. ஜி.எம்.1 அடர்ந்திருப்பது இந்த இடைவெளிகளில். அங்கே அடித்தால் கேபிள் முழுதாக இருந்தும் சிக்னல் போகாது. நீளமான கேபிளில் ரிப்பீட்டர்கள் அதிகம், பழுதுக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது. மார்புக்கூட்டையும் உதரவிதானத்தையும் இயக்கும் நரம்புகளை எட்டினால் மூச்சு நின்றுபோகும். டாக்டர் எண்ணச் சொன்னதன் பொருள் அதுதான். நோயாளிகளில் நான்கில் ஒருவர் அளவுக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது.

எல்லாம் ஜி.எம்.1 மட்டும் அல்ல. கண்ணை அசைக்கும் நரம்புகளில் ஜி.கியூ.1பி என்ற வேறொரு சங்கிலி அதிகம். அதை ஒத்த கிருமி வந்தால் கண் அசையாமல் ஒன்று இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். நரம்பின் உறையே தாக்கப்படும் வகையில் மட்டும் எதிரியின் குறி எது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

சிகிச்சை இரண்டு. இரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றி அந்த எதிர்ப்பொருள்களை அகற்றுவது ஒன்று. ஆயிரக்கணக்கானோர் தந்த இரத்தத்திலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலினை ஐந்து நாள் ஏற்றுவது மற்றொன்று. எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம். விலை அதிகம். இரண்டும் ஏறக்குறைய சமமான பலன் தருபவை. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை இதில் உதவுவதில்லை. இடைவெளி மட்டும் பழுதென்றால் சில வாரங்களில் சரியாகலாம். கம்பியே அறுந்திருந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம்வரை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் மனைவி நான்கு மாதத்தில் கைப்பிடியைப் பிடித்து மாடியேறினாள். இடது கால் விரல்களில் மரப்பு இன்றும் இருக்கிறது. அந்த இரண்டு நாளை வீணாக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்டதில்லை, நான்தான் கேட்டுக்கொள்கிறேன்.

2025-இல் போன் செய்தவர்களில் ஒருவர் தம் மகனுக்கு இரண்டு காலிலும் குறுகுறுப்பு, முந்தைய வாரம் பேதி என்றார். பையன் போனிலேயே ஒரே மூச்சில் முப்பத்திரண்டு வரை எண்ணினான். எண்ணிக்கை நன்றாக இருக்கிறதே, காலையில் போகலாமா என்று தகப்பனார் கேட்டார். "வேண்டாம் ஸார், ஆட்டோ கிடைக்கிற நேரத்திலேயே கிளம்புங்கள்" என்றேன். போய்ச் சேர்ந்த மறுநாள் அவனால் பன்னிரண்டைத் தாண்ட முடியவில்லை என்று சொன்னார்கள். அப்போது அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தான்.