கதை எழுதாதவர்களுக்கும் இலக்கிய விருது!

கட்டுரைப் போட்டி, கதைப் போட்டி என்று அறிவித்தாலே கடைசி பெஞ்சில் பதுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஏற்காட்டுப் பக்கமும் அப்படித்தான். "எனக்குக் கதை கட்டத் தெரியாது டீச்சர்" என்பார்கள். அவர்களுக்காகவே ஒரு விருதைப் பற்றிச் சொல்கிறேன்.

அதன் பெயர் 'இயல் விருது'. இயல், இசை, நாடகம் என்று முத்தமிழைப் படித்திருப்பீர்களே, அந்த இயல்தான். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'தமிழ் இலக்கியத் தோட்டம்' இதை வழங்குகிறது. எழுத்தாளர் அ.முத்துலிங்கம், டொராண்டோ பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் செல்வா கனகநாயகம் போன்றோர் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள். பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையமும் தொடக்கத்தில் கைகொடுத்தது.

பல்கலைக்கழகத்துக்கும் இலக்கியப் பரிசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவின் புகழ்பெற்ற புலிட்சர் பரிசை 1917 முதல் வழங்கி வருவதே கொலம்பியா பல்கலைக்கழகம்தான்!

முதல் இயல் விருது நாவலாசிரியர் சுந்தர ராமசாமிக்குப் போனது. இதில் வியப்பில்லை. ஆனால் அடுத்தடுத்த பெயர்களைப் பாருங்கள். பிறர் எழுதியவற்றைத் தேடித் தொகுத்து நூலாக்கிய பத்மநாப ஐயர், புறநானூற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட், மொழிபெயர்ப்பாளர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம்... இவர்களுக்கும் கிடைத்திருக்கிறது.

2009ஆம் ஆண்டு விருது பெற்ற இருவரில் ஒருவர் ஐராவதம் மகாதேவன். இவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. வேலை போக மீதி நேரத்தில் மலை மலையாக ஏறினார். எதற்கு? குகைகளில் பழங்காலத்தவர் வெட்டிவைத்த தமிழ்-பிராமி எழுத்துகளைப் படிப்பதற்கு! கரூர் அருகே புகளூரில் ஆறுநாட்டான் மலை இருக்கிறது. அங்கே மூன்று தலைமுறைச் சேர அரசர்களின் பெயர்களைப் படித்துக் காட்டினார். சங்கப் பாட்டில் வரும் சேரர்கள் வெறும் கற்பனை இல்லை என்பதற்குக் கல்லே சாட்சி சொன்னது. இவர் தேடியவை எல்லாம் 2003இல் பெரிய ஆங்கில நூலாக வந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது 2015ஆம் ஆண்டு விருதுதான். அதைப் பெற்றவர் இ.மயூரநாதன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தொழில், கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது. வளைகுடா நாட்டில் வேலை பார்த்தபடியே 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கினார். விக்கிப்பீடியா என்பது யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம். ஆரம்பத்தில் அங்கே கூட்டமே இல்லை. ஏறக்குறைய ஒற்றை ஆளாக இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையாகச் சேர்த்தார். பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப்பாடத்துக்கு நீங்களும் எட்டிப் பார்த்திருப்பீர்கள். (அப்படியே பார்த்து எழுதினால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார், ஜாக்கிரதை!)

நம் தமிழ்நாட்டிலும் காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் தமிழ்ப்பேராயம் பல விருதுகளை ஏற்படுத்தியது. குழந்தை இலக்கியத்துக்கான விருதுக்கு, உங்களுக்காகவே பாட்டு எழுதிய அழ.வள்ளியப்பாவின் பெயர். அறிவியல் நூலுக்கான விருதுக்கு பெ.நா.அப்புசுவாமியின் பெயர். அவரும் கதாசிரியர் அல்ல, வக்கீல்! ஆனாலும் அறிவியலை எளிய தமிழில் எழுதிக் குவித்தார்.

இப்போது சேர்வராயன் மலைக்கு வருவோம். இங்குள்ள மலைவாழ் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுபவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகப் பாட்டிமார் கதை சொல்வார்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும். சாமை, தினை விதைப்பது பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

இதை நேராக விக்கிப்பீடியாவில் எழுதிவிடலாமா? முடியாது. அங்கே "எங்கள் பாட்டி சொன்னார்" என்றால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். வெளியிடப்பட்ட, நம்பகமான ஆதாரம் கேட்பார்கள். ஆகவே முதல் வேலை, பாட்டி சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே நோட்டில் எழுதுவது. பள்ளி ஆண்டு மலரில் அது அச்சாகட்டும். சொன்னவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதி மிக முக்கியம். புகளூர்க் கல்வெட்டில் ஆண்டு இல்லை. அதனால் எழுத்தின் வளைவையும் கோட்டையும் பார்த்துத்தான் அறிஞர்கள் அதன் காலத்தைக் கணக்குப் போட வேண்டியிருந்தது!