பழைய சக்கரங்கள் – 9
எதைப் பார்த்து ‘இதுதான் அந்தக் கார்’ என்பது?

சேசிஸில் பொறித்த எண்ணும் இன்ஜின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போனால் கார் அசல்தான் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். சேசிஸே மாறிப்போன காரை என்ன செய்வது? இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது.

வழக்கில் நின்றது பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் வகையைச் சேர்ந்த ஒரு பந்தயக் கார். ஆறரை லிட்டர் இன்ஜின். பென்ட்லி ஆட்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஓல்ட் நம்பர் ஒன்’. பிரான்ஸில் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929இல் வுல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்கினும் இந்தக் காரில்தான் வென்றார்கள். அந்த ஆண்டு முதல் நான்கு இடங்களும் பென்ட்லிக்கே. மறு ஆண்டும் இதே கார் வென்றது. பர்னாட்டோவுடன் அப்போது ஓட்டியவர் க்ளென் கிட்ஸ்டன்.

பந்தயக் காரை யாரும் பூட்டிவைத்துக் கும்பிடுவதில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் பிரிப்பார்கள், மாற்றுவார்கள், பூட்டுவார்கள். இந்தக் காரும் 1932இல் எட்டு லிட்டர் இன்ஜினோடு புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் 500 மைல் பந்தயத்தில் இறங்கியது. சாய்வான கான்கிரீட் வளைவின் விளிம்பைத் தாண்டி வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ அங்கேயே இறந்தார். அவருடைய அண்ணன் ஜாக்கும் அன்றைக்கு அதே காரை முறைபோட்டு ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு பர்னாட்டோ அதை மூடிய கூபே காராகத் திருத்திக் கட்டவைத்தார். பின்னாளில் அந்த பாடியும் போய், மறுபடி லு மான் பாணித் திறந்த பாடி ஏறியது.

1990இல் மிடில்பிரிட்ஜ் என்ற நிறுவனம் இதை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. பிறகு, “இது அந்தக் காரே இல்லை” என்று பின்வாங்கியது. விற்றவர் வழக்குப் போட்டார். நிபுணர்கள் நட்டு நட்டாக அலசினார்கள். 1929இல் வென்ற காரிலிருந்து, எப்போது பொருத்தியது என்றே சொல்ல முடியாத சில்லறைச் சாமான்களைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. 1930 காரிலிருந்து மிஞ்சியவை பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டீயரிங் தண்டு. அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலைக் கேட்ட எவரும் வாங்கியவர் பக்கம் சாய்ந்திருப்பார்கள். நீதிபதி ஓட்டன் சாயவில்லை. 1929ஆம் ஆண்டின் பாகங்களால் ஆனது என்ற பொருளில் இது அசல் அல்ல என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் பந்தயப் பட்டறையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து இந்த வண்டியின் வரலாறு எங்கேயும் அறுந்துபோகவில்லை. ஒரே நேரத்தில் முழுதாக அழிந்து, வேறொன்று அதன் இடத்துக்கு வந்ததும் இல்லை. ‘நான்தான் ஓல்ட் நம்பர் ஒன்’ என்று உரிமை கோர வேறொரு காரும் இல்லை. ஆகவே அந்தப் பெயர் இதற்கே உரியது என்று தீர்ப்பளித்தார். வாங்கியவர் பணம் கட்டியே ஆக வேண்டும்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு. அந்தக் காலத்து பென்ட்லி எப்படி உருவானது என்று தெரிந்தவர்களுக்கு அது வியப்பாகவே இருக்காது. தொழிற்சாலை கொடுத்தது சேசிஸும் இன்ஜினும்தான். பாடி கட்டியது வேறு கம்பெனி. உள்ளே ஆஷ் மரச் சட்டம், மேலே பல கார்களில் துணி. மரம் உளுக்கும், துணி கிழியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, உளுத்த செடான் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த பாடி போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். இன்று அப்படி ஒரு காரை ஆராய்பவர் முதலில் தேடுவது பளபளப்பை அல்ல. சேசிஸ் ஓரத்தில் எதற்கும் பயன்படாமல் கிடக்கும் துளைகளை. பழைய பாடி எந்தெந்த இடத்தில் போல்ட் போட்டு நின்றது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். எண் பொறித்த எழுத்தின் வடிவம், சுரண்டினால் அடியில் தெரியும் முதல் பெயின்ட், பழைய சர்வீஸ் பதிவு எல்லாம் அதன் பிறகு வரும்.

நம் நாட்டுச் சட்டம் இங்கே வேறு பாதையில் போகிறது. 2021இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் என்று ஏற்று, நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற தனி எழுத்துகளைத் தருகின்றன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லுபடி. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இதை அப்படியே அளவுகோலாக வைத்தால் ஓல்ட் நம்பர் ஒன் இங்கே ஆர்.டி.ஓ. வாசலிலேயே திரும்பிவிடும். போலிகளைத் தடுக்க அந்த நிபந்தனை தேவை, மறுக்கவில்லை. ஆனால் மாற்றம் நடந்ததா என்று மட்டும் பார்க்காமல், அது எப்போது, யாரால், எதற்காக நடந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உரிமையாளர்களும் பழைய ஆர்.சி. புத்தகத்தையும் டிங்கரிங் பட்டறை ரசீதையும் கழற்றிய பாகத்தையும் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருந்தால்தான் அப்படிக் கேட்க முடியும்.

ஆதாரம் ஒரு காருக்குப் பெயரைக் கொடுப்பதுபோலவே பறிக்கவும் செய்யும். பர்னாட்டோவின் இன்னொரு ஸ்பீட் சிக்ஸுக்கு அதுதான் நடந்தது. 1930 மார்ச்சில், ‘புளூ டிரெயின்’ என்ற ரயில் கலே துறைமுகத்தைச் சேர்வதற்குள் நான் கான் நகரிலிருந்து லண்டனுக்கே போய்விடுவேன் என்று பந்தயம் கட்டினார். நான்கு நிமிடம் மிச்சம் வைத்து ஜெயித்தார். கர்னி நட்டிங் கட்டிய, தாழ்ந்த கூரை கொண்ட அழகான கூபேதான் அன்று ஓடியது என்று பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். டெரன்ஸ் குனியோ வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் ரயிலோடு போட்டியிடுவதும் அதுவே. பதிவுகளைப் புரட்டியபோது, அந்த கூபே பர்னாட்டோவின் கைக்கு வந்ததே மே மாதத்தில்தான் என்று தெரிந்தது. உண்மையில் ஓடியது எச்.ஜே. மல்லினர் கட்டிய, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாதாரண செடான்.

(தொடரும்)