அணைந்த மெழுகுவர்த்தியின் புகை பற்றி எரியும், தெரியுமா?

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளையாகப் புகை எழும் இல்லையா? திரியைத் தொடாமல், அந்தப் புகையில் மட்டும் எரியும் தீக்குச்சியைக் காட்டினால் என்ன ஆகும் தெரியுமா? சுடர் புகை வழியே பாய்ந்து இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும்! ஏனென்றால் அந்தப் புகை மெழுகுதான். சூட்டில் ஆவியாகும் மெழுகுதான் அத்தனை நேரமும் எரிந்துகொண்டிருந்தது.

இதை லண்டன் சிறுவர்களுக்கு மேடையில் செய்துகாட்டியவர் யார் தெரியுமா? மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டறிந்து, இன்றைய ஜெனரேட்டர்களுக்கு வழி திறந்த அதே மைக்கேல் ஃபாரடே! லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் அவர் மட்டும் 19 தொடர்கள் நடத்தினார். 1860-61 குளிர்காலத்தில் ஆறு சொற்பொழிவுகள் முழுக்க ஒரே ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றித்தான்! பனிக்கட்டியும் உப்பும் போட்ட பாத்திரத்தைச் சுடருக்கு மேலே பிடிப்பார். அதன் அடியில் ஒரு சொட்டு திரளும். அது தண்ணீர்தானா? ஒரு சிறு துண்டு பொட்டாசியத்தை அதில் வைப்பார். குப்பென்று ஊதா நிறத்தில் எரியும். ஆம், தண்ணீரேதான். நெருப்பிலிருந்து வந்த தண்ணீர்!

இந்த ஃபாரடே கல்லூரிப் பக்கமே போனவர் இல்லை, தெரியுமா? கொல்லர் மகன். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே வளர்ந்தார். அவற்றில் அவரை வேதியியல் பக்கம் இழுத்தது, திருமதி பி என்பவர் இரண்டு சிறுமிகளோடு உரையாடுவதுபோல் எழுதப்பட்ட ஒரு நூல். 1806-இல் வந்தபோது அதில் ஆசிரியர் பெயரே கிடையாது! எழுதியவர் ஜேன் மார்செட் என்ற பெண்மணி.

அவர் ஏன் எழுதினார் என்பதுதான் என்னை மலைக்கவைக்கிறது. ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார், முழுதாகப் பிடிபடவில்லை. நண்பர் ஒருவரோடு பேசிப் பேசித் தெளிந்தார். தெளிந்த வழியையே புத்தகமாக்கினார். (டேவியைக் கேட்கக் குவிந்த குதிரை வண்டிகளால்தான் அந்த நிறுவனம் இருக்கும் ஆல்பமார்ல் தெரு ஒருவழிச் சாலை ஆனதாம்!) 1812-இல், கடைக்கு வந்த வாடிக்கையாளர் கொடுத்த டிக்கெட்டில், ஃபாரடேயும் அதே டேவியைக் கேட்டார். குறிப்புகளைப் படங்களோடு சுமார் 300 பக்கங்களுக்கு எழுதி, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே உதவியாளர் வேலை!

அறிவியலை விளக்கிச் சொல்வதை ஆராய்ச்சிக்குப் பிந்தைய உபரி வேலை என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும். டேவி பேசினார், மார்செட் எழுதினார், அதைப் படித்து ஒரு ஃபாரடே உருவானார்.

அதோடு நிற்கவில்லை. வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் ஃபாரடேயின் அந்த மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகளைத் தொகுத்து 1861-இல் நூலாக்கினார். அது ஜப்பானிய மொழிக்கும் போனது. சிறுவயதில் அதைப் படித்த யோஷினோரி ஓசுமி 2016-இல் மருத்துவ நோபல் பெற்றார்! நான்காம் வகுப்பில் ஆசிரியர் சொல்லி அதையே படித்த அகிரா யோஷினோ, நம் செல்போனில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்காக 2019-இல் வேதியியல் நோபல் பெற்றார்!