விளையாட்டுக் கூட்டமைப்பு மாற்றங்களும் கல்விச்சிறப்புடைய பல்கலைக்கழகங்களும்: ஸ்டான்போர்டு, பெர்க்லி நேர்வுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்புகள் அண்மைக்காலத்தில் பெரும் மாற்றத்திற்கு உள்ளாகியுள்ளன. கால்பந்து ஒளிபரப்பு வருவாயே இம்மாற்றங்களை உந்துகிறது. இவ்வருவாய்ச் சந்தையில் கல்விச்சிறப்பு பேரம்பேசும் வலிமையாக மாறுவதில்லை என்பதையும், மாற்றத்தின் சுமை வருவாய் ஈட்டாத விளையாட்டுகளின் மாணவர்மீதே விழுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விளையாட்டுக் கூட்டமைப்பு, ஒளிபரப்பு உரிமை, ஸ்டான்போர்டு, பெர்க்லி, ஐவி லீக், மாணவ விளையாட்டு வீரர்.

முன்னுரை

அமெரிக்காவில் ‘கான்பரன்ஸ்’ எனப்படுவது, தமக்குள் ஆண்டுதோறும் போட்டிகளை நடத்திக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பாகும். அருகருகே அமைந்த, ஒத்த தன்மையுடைய நிறுவனங்கள் ஒன்றிணைவதே இதன் தொடக்ககால இயல்பு. ஓர் உறுப்புப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான அணிகள் ஒரே கூட்டமைப்பில் விளையாடுவதால், கால்பந்துக்காக எடுக்கப்படும் முடிவு கைப்பந்து, மென்பந்து வீராங்கனைகளின் பயணத்தையும் தீர்மானிக்கிறது. இங்குக் கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்தையே குறிக்கும்.

ஒளிபரப்பு உரிமையும் சந்தையும்

1984 வரை கல்லூரிக் கால்பந்தின் தொலைக்காட்சி உரிமையைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே கட்டுப்படுத்தியது. அவ்வாண்டில் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அக்கட்டுப்பாட்டைச் சட்டத்திற்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் கூட்டமைப்புகள் தாமே உரிமையை விற்கத் தொடங்கின. இதனால் ஒரு பல்கலைக்கழகத்தின் கால்பந்தைக் காண்போர் எத்தனை பேர் என்பதே அதன் உறுப்புரிமையின் மதிப்பாயிற்று. 2022 ஆகஸ்டில் பிக் டென் கூட்டமைப்பு ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பெற்றமை இச்சந்தையின் அளவைக் காட்டும்.

இதற்குரிய முன்நிகழ்வாக ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சுட்டலாம். 1996இல் தென்மேற்குக் கூட்டமைப்பு கலைந்தபோது டெக்சாஸ் உள்ளிட்ட நான்கு பல்கலைக்கழகங்கள் பிக் 12 கூட்டமைப்பில் இடம்பெற்றன. கல்வித்தரத்தில் உயர்ந்த ரைஸுக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை.

பசிபிக் கூட்டமைப்பின் சிதைவு

1915இல் வேர்கொண்ட பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பு மரபு, பின்னாளில் பேக்-12 என வளர்ந்தது. 2022 ஜூன் இறுதியில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகமும் பிக் டென்னுக்கு மாறுவதாக அறிவித்தன. 2023 கோடையில் மேலும் ஆறு பல்கலைக்கழகங்கள் வெளியேறின. எஞ்சிய நான்கனுள் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் அடங்கும்.

அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளில் இவ்விரண்டையும் தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தையும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பு ஏற்றது. முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒளிபரப்பு வருவாயில் முழுப்பங்கின் சுமார் 30 விழுக்காட்டையே பெறுவதற்கு ஸ்டான்போர்டும் பெர்க்லியும் இசைந்தன. உலகப் புகழ்பெற்ற ஆய்வகங்களும் நூலகங்களும் இப்பேரத்தில் அவற்றுக்கு முழுப்பங்கைப் பெற்றுத்தரவில்லை. பாதிப்பு ஒரே பல்கலைக்கழக அமைப்பிற்குள்ளும் எழுந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம் பெர்க்லி வளாகத்திற்கு மூன்றாண்டுகள் ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வழங்கவேண்டும் என அதன் ஆட்சிக்குழு 2024இல் முடிவுசெய்தது.

கற்றலின்மீது விழும் சுமை

ஸ்டான்போர்டு 36 விளையாட்டுகளில் அணிகளைக் கொண்டது. அனைத்து விளையாட்டுகளின் ஒட்டுமொத்தச் சாதனைக்கு வழங்கப்படும் இயக்குநர் கோப்பையை 1994-95 தொடங்கி 25 ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. இவ்விளையாட்டுகளுள் பெரும்பாலானவை வருவாய் ஈட்டுவன அல்ல. 2020இல் 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்த ஸ்டான்போர்டு, எதிர்ப்பின் பின்னர் 2021இல் அம்முடிவைக் கைவிட்டது. நிதிநெருக்கடியில் முதலில் அசையும் தூண் எது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இன்று அம்மாணவர் கலிபோர்னியாவிலிருந்து பாஸ்டனுக்கும் மயாமிக்கும் கண்டத்தைக் கடந்து செல்லவேண்டியுள்ளது. நேரவேறுபாடு மூன்று மணி. ஸ்டான்போர்டின் கல்விப்பருவம் சுமார் பத்து வாரங்களே கொண்டதாதலால், வகுப்பைத் தவறவிடும் ஒவ்வொரு நாளும் கூடுதல் இழப்பாகிறது. எல்லா விளையாட்டுகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. நீச்சல், கோல்ஃப் போன்றவற்றில் தொகுப்புப் போட்டிகளே மிகுதி. கைப்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் முதலியவற்றிலோ வாரந்தோறும் எதிரணியின் களத்திற்குச் செல்லும் தேவை மிகுதி. ஒரே பயணத்தில் இரு ஆட்டங்களை அமைக்கும் அட்டவணை இச்சுமையைக் குறைக்குமேயன்றி நீக்காது.

மாற்று வழிகள்

பிக் டென்னின் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்றான சிகாகோ பல்கலைக்கழகம், 1939இல் கால்பந்தைக் கைவிட்டு 1946இல் அக்கூட்டமைப்பிலிருந்து விலகியது. எனினும் 1958இல் பிக் டென் பல்கலைக்கழகங்கள் கல்வி ஒத்துழைப்புக் குழுவை உருவாக்கியபோது சிகாகோவும் அதில் இணைந்தது. விளையாட்டுறவு அறுந்தாலும் அறிவுறவு தொடரலாம் என்பதற்கு இது சான்றாகும். ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்குவதில்லை என்னும் உடன்பாட்டை 1954இல் எல்லா விளையாட்டுகளுக்கும் விரிவாக்கின. அந்நெறி இன்றும் தொடர்கிறது.

மூன்றாவது வழி, கால்பந்தைப் பிற விளையாட்டுகளிலிருந்து பிரிப்பதாகும். நாட்டர்டேம் பல்கலைக்கழகம் கால்பந்தில் எக்கூட்டமைப்பிலும் சேராமல், பிற விளையாட்டுகளுள் பெரும்பாலானவற்றை அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது. இம்முன்மாதிரியைப் பின்பற்றிக் கால்பந்தைத் தொலைதூரக் கூட்டமைப்பிலும் பிறவற்றை அண்டைப் பல்கலைக்கழகங்களோடும் அமைத்துக்கொள்வது இயலாததன்று.

முடிவுரை

சிகாகோவும் ஐவி பல்கலைக்கழகங்களும் கல்வி மதிப்பைச் சந்தையில் விற்கவில்லை. சந்தையிலிருந்து விலகிநிற்கும் துணிவாக அதனைப் பயன்படுத்தின. ஸ்டான்போர்டும் பெர்க்லியும் குறைந்த பங்கை ஏற்றுச் சந்தைக்குள் நீடிக்க முற்பட்டன. அதனால் அவை தம் அணிகளுக்கு உயர்நிலைப் போட்டி வாய்ப்பைக் காத்துக்கொண்டன என்பது மறுக்கவியலாதது. ஆனால் அதற்குரிய விலையைப் பணமாக நிறுவனமும், கற்கும் நேரமாக மாணவரும் செலுத்துகின்றனர். முன்னது கணக்கேட்டில் பதிவாகிறது, பின்னது பதிவாவதில்லை. எனவே கூட்டமைப்பு மாற்றங்களை மதிப்பிடும் ஆய்வுகள், வருவாய்ப் பங்கோடு வகுப்பறையிலிருந்து இழக்கப்படும் நாட்களையும் அளவுகோலாகக் கொள்வது இன்றியமையாதது.