இன்னைக்கு டெஸ்ட் இருக்கா சார்?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் கரும்பலகையின் ஓரத்தில் தேதி, வகுப்பு, பதிவு, வருகை ஆகியவற்றைத் தினமும் எழுதுவார்கள். இன்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். வந்தவர்களுக்கு இன்று என்ன நடக்கப்போகிறது என்பது தெரியாது. அந்தத் தகவல் ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டில் இருக்கிறது. தலைமையாசிரியர் அதில் கையெழுத்துப் போடுகிறார், ஆய்வுக்கு வரும் அலுவலர் புரட்டிப் பார்க்கிறார். மாணவர் கண்ணில் மட்டும் அது படுவதே இல்லை.

அதைப் படவைத்தால் பிள்ளைகளின் பதற்றம் குறையும் என்று சொல்ல அறிவியல் ஆதாரம் இருக்கிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் 45 பேரை ஒரு கணினி விளையாட்டு ஆடவைத்தார்கள். பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். இருந்தால் கையில் சுரீரென்று மின்னதிர்ச்சி. ஆடியவர்களின் கண்மணி விரிவதையும் வியர்வையையும் அளந்தார்கள். அதிர்ச்சி கட்டாயம் வரும் என்று தெரிந்தபோது ஏற்பட்ட பதற்றத்தைவிட, வருமா வராதா என்று பாதிக்குப் பாதி சந்தேகம் இருந்தபோது ஏற்பட்ட பதற்றமே அதிகம்.

இதற்கு வெகுகாலம் முன்பே, அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் எலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். இரண்டு குழு எலிகளுக்கும் ஒரே அளவு அதிர்ச்சி. ஒரு குழுவுக்கு மட்டும் முன்னதாக ஓர் ஒலி எழும். எச்சரிக்கை கிடைத்த எலிகளுக்கு இரைப்பைப் புண் குறைவாகவே வந்தது. ஒலி கேட்காதவரை ஆபத்தில்லை என்று அவை கற்றுக்கொண்டதே காரணம். எச்சரிக்கை கிடைக்காத எலிக்கு நிம்மதியான நேரம் என்று ஒன்றே இல்லை.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். திடீரென்று டெஸ்ட் வைப்பாரோ, எழுந்து வாசிக்கச் சொல்வாரோ என்று பயந்திருக்கும் பிள்ளை பாடவேளை முழுவதும் விறைத்தே உட்கார்ந்திருக்கும். மூளை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து வேலைசெய்யக்கூடிய விஷயங்கள் மிகச் சில. அந்தச் சிறிய இடத்தையும் பயம் பிடித்துக்கொண்டால் பாடம் எங்கே ஏறும்? டெஸ்ட் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் என்று தெரிந்துவிட்டால், அதற்கு முந்தைய நேரமெல்லாம் கற்பதற்குக் கிடைக்கும். காய்ச்சல், வயல் வேலை, ஊர்த் திருவிழா என்று இரண்டு நாள் வராமல் இருந்து திரும்பும் பிள்ளைக்கு இந்த உதவி இன்னும் அதிகம் தேவை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அன்றைய நாளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டும் முறை உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. நம் தொடக்கப் பள்ளிகளுக்கும் இது புதிதல்ல. ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்ட செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ஆம் ஆண்டு வாக்கில் மாநிலமெங்கும் பரவியது. அதன் உயிர்நாடி சுவரில் தொங்கிய கற்றல் ஏணி. தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும், எந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும் என்பதை ஏழு வயதுப் பிள்ளையே பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த முறையின் மற்ற குறை நிறைகள் எப்படியிருந்தாலும், திட்டம் பிள்ளையின் கண்முன் இருந்தது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் ஏணி இல்லை. மணி அடிக்க அடிக்க ஆசிரியர்கள் மாறுகிறார்கள்; அடுத்து என்ன என்பது அவரவர் மனத்துக்குள் இருக்கிறது.

இதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம். பதிவு, வருகைக்குக் கீழே மூன்று வரி போதும். ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடவேளை என்றால் இப்படி:

1. வீட்டுப்பாடம் பார்த்தல் – 5 நிமிடம்
2. பின்னங்களைக் கூட்டுதல் – இருவர் இருவராக
3. கடைசி 10 நிமிடம் – நோட்டில் நான்கு கணக்கு, மதிப்பெண் கிடையாது

‘மதிப்பெண் கிடையாது’ என்ற அந்த இரண்டு சொற்கள் ஒரு பயந்த பிள்ளைக்கு எவ்வளவு ஆறுதல் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். முடிந்த வரியை ஒரு மாணவரை விட்டே அடிக்கச் சொல்லலாம். திட்டம் மாறினால், மாறுகிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதுவது ஒன்று, நடப்பது ஒன்று என்றானால் எழுதாமல் இருப்பதே மேல். பாடத்துக்குள் புதிர் இருக்கட்டும், வியப்பு இருக்கட்டும். திடீர்த் தேர்வு மட்டும் வேண்டாம்.

இது மருத்துவமல்ல. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பள்ளி என்றாலே வயிற்றுவலி என்று அழும் பிள்ளைக்கு மனநல ஆலோசனை தேவை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

ஆசிரியப் பெருமக்களே, திட்டத்தை நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். நாளை காலை அதில் மூன்று வரியைப் பலகையில் எழுதுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள்.